கண்டும் காணாமல் போனவர்

எங்கள் சபைக்கு அவர் வந்த புதிதில் எல்லோரும் சொன்ன முதல் குறை, தெருவில் பார்த்தால் முகம் கொடுப்பதில்லை என்பதுதான். காந்தி ரோட்டில் பட்டுக்கடை வாசல்களில் நின்று "வாங்கம்மா, உள்ள வந்து பாருங்கம்மா" என்று கூவுகிறவர்களுக்கு நடுவே, வெளிர் நிறக் கைத்தறிப் புடவையும் தோளில் ஒரு துணிப்பையுமாகத் தலையைக் குனிந்தபடி போவார். முந்தின நாள் அவர் அறையில் உட்கார்ந்து அழுத பெண் எதிரே வந்தாலும், யாரோ எவரோ என்று தாண்டிப் போய்விடுவார்.

தலைக்கனம் என்றார்கள். படித்த திமிர் என்றார்கள். நான் ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன்.

"நான் வணக்கம் சொன்னா, பக்கத்துல நிக்கிறவங்க 'இவங்களை உனக்கு எப்படித் தெரியும்'னு கேப்பாங்க டீச்சர். அதுக்கு அவங்க ஒரு பொய் சொல்லணும். அந்தப் பொய்யை நான் என்னத்துக்கு அவங்க தலையில கட்டணும்? அவங்களா வணக்கம் சொன்னா நானும் சொல்லிட்டுப் போறேன்" என்றார்.

தன்னிடம் வராதவர்களிடம் அப்படியில்லை. அவர்களிடம் சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். ஆராதனை முடிந்து படியிறங்கும்போது அவர் குரல் மதில் தாண்டிக் கேட்கும். இந்த வித்தியாசத்தை ஊரில் வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன். வகுப்பறையில் நாற்பது முகங்களைப் பார்த்துப் பழகிய கண்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் மேய்ப்புப்பணி ஆலோசனை படித்தவர். பாஸ்டரல் கவுன்சலிங் என்றால்தான் இப்போது பலருக்குப் புரிகிறது. கஷ்டத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்கள் விரும்பினால் ஜெபித்து, அவர்களே ஒரு வழி கண்டுபிடிக்கும்வரை கூட இருக்கிற வேலை. எங்கள் சபையில் வாரத்தில் மூன்று நாள். மற்ற நாட்களில் ஒரு மருத்துவமனைக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் போவார்.

சபை மன்றத்துக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளும் பழைய கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களும் போட்டுவைத்திருந்த அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு நாற்காலிகள். எதிரெதிரே போடமாட்டார், இரண்டும் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும். நடுவில் முக்காலி. அதன்மேல் ஒரு முறத்தில் சின்ன வெங்காயம். வருகிறவர்களிடம் ஒரு கை அள்ளிக் கொடுத்து, "உரிச்சுக்கிட்டே பேசுங்க" என்பார். கைக்கு ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த அறையிலிருந்து கண் சிவந்து வெளியே வருகிற எவரும், வெங்காயம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

"ஒண்டி ஆளு. இத்தினி வெங்காயத்தை வெச்சிக்கினு இன்னாதான் பண்றாங்க?" என்று பெண்கள் ஐக்கியத்தின் செயலாளரம்மா கேட்பார். அவரே பதிலும் சொல்வார்: "ஊர் துக்கம் மொத்தமும் அவங்க வீட்டு சாம்பார்லதாம்மா கொதிக்குது."

சபையார் மட்டும் அல்ல, எல்லாரும் வந்தார்கள். முசரவாக்கத்திலிருந்து ஒரு பெண் பேருந்து மாறி வருவாள். பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடுகிற வீடுகளிலிருந்து வருவார்கள். அப்படி ஒரு வீட்டு மாமியார், ஒருநாள் சபை கேட்டிலேயே அவரை மறித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"எங்க வூட்டு மருமவ உங்கிட்ட வந்துக்கினு இருக்குதா?"

"யார் வந்தாலும் வந்தாங்கன்னும் சொல்ல மாட்டேன், வரலைன்னும் சொல்ல மாட்டேன்மா."

"அப்ப வந்துக்கினுதான் இருக்குது."

"நாளைக்கு நீங்களே வந்தாலும், உங்க மருமக கேட்டா இதையேதான் சொல்லுவேன்."

"நான் இன்னாத்துக்கு வரப்போறேன்? எனக்கு இன்னா கொற? போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டாக்கூட உள்ள யார் இருக்காங்கன்னு சொல்லுவான். இன்னா பொம்பளம்மா நீ!"

திட்டித் தீர்த்துவிட்டுத்தான் போனார். சில வாரம் கழித்து அதே அம்மாள் அந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பை. அவர் வீட்டிலிருந்தே வெங்காயம் கொண்டுவந்திருந்தார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனையின் முடிவில் போதகர் ஜெபக் குறிப்பு கேட்பார். ஆளுக்கொருவராக எழுந்து, இன்னார் மகளுக்கு வரன் அமைய, இன்னார் மகன் குடியை விட, இன்னாருடைய கட்டி கரைய என்று சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் வாலாஜாபாத் வரைக்கும் செய்தி போய்விடும். இப்போது வாட்ஸாப் குழுவிலும் போடுகிறார்கள். அது சாப்பாடு வரைக்கும்கூடக் காத்திருப்பதில்லை.

அவரும் எழுந்து நிற்பார். "ஒரு ஆளுக்காக" என்பார். உட்கார்ந்துவிடுவார்.

"பேர் சொல்லுங்கக்கா, பேர் சொல்லாம எப்படி ஜெபிக்கிறது?" என்று செயலாளரம்மா பின்னாலிருந்து கேட்பார்.

"ஆண்டவருக்குப் பேர் தெரியும்மா."

"ஆண்டவருக்குத் தெரியும்க்கா. எங்களுக்குத் தெரிய வேணாமா?"

சபையே சிரிக்கும். அவரும் சிரிப்பார். பெயர் வராது.

நான் இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷி, கொஞ்சம் பிடிவாதம் என்று வீட்டில் பேசிக்கொள்வோம். அந்தப் பிடிவாதத்தின் மறுபக்கத்தில் நான் நிற்க வேண்டிவரும் என்று நினைக்கவில்லை.

என் மகளின் பெயரை இங்கே எழுதவில்லை. வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அவள் பி.காம். முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விடுதியில் தங்கல். சனிக்கிழமை வருவாள், திங்கள் விடியலில் ரயிலேறிப் போய்விடுவாள். ஞாயிறன்று எங்களோடு ஆராதனைக்கு வருவாள். படியிறங்கும்போது அவர் எட்டிப் பிடித்து, "ஏ பிள்ள, மெலிஞ்சு போயிட்ட! அங்க சோறு போடுறாங்களா, கணக்கு மட்டும்தான் போடச் சொல்றாங்களா?" என்று அவள் தோளில் ஒரு தட்டு தட்டுவார். வாரம் தவறாது.

ஒரு ஞாயிறு, அதே படி, அதே இடம். "டீச்சர், நல்லாயிருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டார். "ஐயா, ஷிப்ட் எல்லாம் எப்படிப் போகுது?" என்று என் கணவரைக் கேட்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்ற பாப்பாவைத் தூணைத் தாண்டுவதுபோலக் கண்ணால் தாண்டி, கீழே இறங்கிப் போனார். பாப்பா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை.

"வெயில் என்னமா அடிக்குது பாரு" என்றார் என் கணவர். அவர் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதகர். இரும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

முந்தின நாள் மாலை, தோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தபோது அவள் விரலில் வெங்காய வாசனை வந்தது. அவங்க வீட்டில் சமைத்தாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். நம் வீட்டுச் சமையலறைப் பக்கமே வராதவள், ஊரார் வீட்டில் சமைத்தாளா என்று கேலிகூடச் செய்தேன். இப்போது ஓரிக்கை போகிற ஷேர் ஆட்டோவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏதோ நடந்திருக்கிறது. என்னிடம் சொல்ல முடியாத ஏதோ ஒன்று.

அடுத்த நாள் பள்ளி விட்டதும் நேராக அந்த அறைக்குப் போனேன்.

"பாப்பா உங்ககிட்ட வர்றாளாக்கா?"

"யார் வந்தாலும் வந்தாங்கன்னும்..."

"அக்கா, நான் அந்தத் தறிக்கார அம்மா இல்ல. நான் அவளைப் பெத்தவ."

"தெரியும் டீச்சர். அவங்களுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்."

"நேத்து அவளைப் பார்க்காத மாதிரிப் போனீங்களே, அதுலயே தெரிஞ்சுபோச்சு. வாரா வாரம் தோள்ல தட்டுறவங்க நேத்து மட்டும் ஏன் தட்டல?"

அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. கையிலிருந்த வெங்காயத்தை முறத்தில் வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். ஊரில் எத்தனையோ பேரை மூடிக்காத்த பழக்கம், ஒரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அது அவருக்குப் புரிகிற நேரத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"வழக்கம்போலப் பேசியிருக்கணும்" என்றார் மெதுவாக. "யோசிக்காம இருந்துட்டேன். அது என் தப்பு டீச்சர்."

"தப்பு இருக்கட்டும். என்ன பிரச்சினைன்னு மட்டும் சொல்லுங்க."

"அதை அவகிட்டயே கேளுங்க."

"கேட்டா சொல்ல மாட்டா."

"அப்ப காத்திருங்க."

"யாராவது பையனா? ஆபீஸ்ல ஏதாவதா? உடம்புக்கா? ஹாஸ்டல்லயா?"

ஒவ்வொன்றுக்கும் "அதை அவகிட்டயே கேளுங்க" என்றார். ஒரே குரல், ஒரே வேகம். எந்தக் கேள்விக்காவது அந்தக் குரல் கொஞ்சம் தடுமாறாதா என்று நான் காத்திருந்தது அவருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் நான் அழுதுகொண்டு எழுந்தபோது கதவுவரை வந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லலாம். எங்கிட்ட வார எல்லார்கிட்டயும் முதல் நாளே சொல்லிடுற விஷயம் இது. யார் உயிருக்காவது ஆபத்துன்னு தோணுச்சுன்னா நான் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டேன். போன் பண்ண மாட்டேன். நேர்ல வந்து கதவைத் தட்டுவேன். தட்டாத வரைக்கும் நீங்க தூங்கலாம்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதவு தேக்கு. கணவர் ஆசையாகச் செய்த கதவு. அதை யார் தட்டினாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடினேன். சிலிண்டர் கொண்டுவந்தவர் தட்டினார். பக்கத்து வீட்டு அம்மா உறைமோர் கேட்டுத் தட்டினார். வாசலில் அழைப்பு மணி இருக்கிறதே, அதை அமுக்கினால் என்ன என்று நான் போட்ட சண்டையில் அந்த அம்மா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பாப்பாவிடம் கேட்டேன். நேராகக் கேட்டேன், சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஒண்ணும் இல்லமா, வேலை டென்ஷன்" என்பாள். சாப்பிடுகிற தட்டில் சோற்றைக் கோடு கோடாகப் பிரித்து வைத்திருப்பாள். கணவரிடம் சொன்னேன். "நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காத" என்றார். ஆனால் அன்றிலிருந்து அவரும் ரயில் நிலையம்வரை அவளைக் கொண்டுபோய் விட ஆரம்பித்தார்.

ஒரு மதியம், விடுமுறை நாள், கதவைத் தட்டினார்கள்.

மூன்று தட்டு. திறந்தேன். அவர் நின்றிருந்தார். எனக்கு அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஏதோ கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை.

"டீச்சர்! டீச்சர்! கரண்ட் இல்ல, பெல் அடிக்கல, அதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. அவரும் நிலைப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் இல்ல. பாப்பா இங்கதான் நிக்கா. பாருங்க, நிமிந்து பாருங்க. உங்க பிள்ள நிக்கா."

அவர் முதுகுக்குப் பின்னால் பாப்பா நின்றிருந்தாள். தோளில் சென்னைப் பை. "அம்மா! என்னம்மா ஆச்சு? ஏம்மா?" என்று பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அன்றைக்கு வந்த விஷயம் இதுதான். பாப்பா வேலையை விட்டுவிட்டாள். அவர் படித்த கிறிஸ்தவக் கல்லூரியில் அதே படிப்பைப் படிக்கப் போகிறாள். தனியாக வந்து சொல்லப் பயந்து அவரைத் துணைக்குக் கூட்டிவந்திருந்தாள். ஒரு நிமிடம் முன்னால் பிள்ளையே போய்விட்டாள் என்று நினைத்தவள் நான். வேலைதானே போயிற்று என்று மகிழ்ந்திருக்க வேண்டும். அந்த மகிழ்ச்சி ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும்வரைதான் இருந்தது. பிறகு கோபம் வந்தது.

என் கணவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்து, கம்பெனியில் பொருளைச் சோதிப்பதுபோல ஆரம்பித்தார்.

"இதைப் படிச்சா என்ன வேலைக்குப் போகலாம் சிஸ்டர்? ஒளிக்காம சொல்லுங்க."

"ஒளிக்க என்ன இருக்கு ஐயா. ஆஸ்பத்திரியில எடுப்பாங்க. ஆபரேஷனுக்கு முந்தி நோயாளிகிட்ட உட்காரணும், அப்புறம் வெளிய இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட உட்காரணும். பள்ளிக்கூடத்துல எடுப்பாங்க. கவுன்சலர்னு போர்டு வெப்பாங்க, ஆனா எந்த டீச்சர் லீவோ அந்த கிளாஸுக்கு அனுப்பிடுவாங்க."

"அது உண்மைதான்" என்றேன் என்னை அறியாமல்.

"குடி மறக்க வைக்கிற இல்லம், முதியோர் இல்லம், ஜெயில், சாகக் கிடக்கிறவங்களைப் பார்த்துக்கிற இடம். இங்கெல்லாம் ஆள் எப்பவும் வேணும். நிறைய நாள் யாரும் தங்க மாட்டாங்க. சபையிலயும் எடுப்பாங்க. போதகருக்கு உண்டான வேலை எல்லாம் குடுப்பாங்க, போதகருக்கு உண்டான மரியாதை குடுக்க மாட்டாங்க. மேல படிச்சா இதே கல்லூரியில சொல்லிக்குடுக்கலாம்."

"டாக்டர் மாதிரி ஆகலாமா? மாத்திரை எழுதலாமா?"

"முடியாது. அது தெரியாம சேந்து ஏமாந்தவங்களை எனக்குத் தெரியும். சில இடத்துல இந்தப் படிப்பு மட்டும் போதாதும்பாங்க. சைக்காலஜியில தனியா ஒரு பட்டம் கேப்பாங்க. அதையும் சேத்துப் படிச்சாத்தான் பிழைக்க முடியும்."

ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவரைத் துணைக்குக் கூட்டிவந்த பாப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். என் கணவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, "நீங்க போன இடத்துலயே எது உங்களுக்குப் பிடிச்சிருந்தது?" என்று கேட்டார்.

அவர் யோசித்தார். "பிரசவ வார்டுக்கு வெளிய" என்றார். "அங்க அப்பாமாருங்க உட்காந்திருப்பாங்க. அவங்ககிட்ட யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டாங்க. 'பயமா இருக்கா'ன்னு கேட்டாப் போதும். கடகடன்னு கொட்டிருவாங்க."

என் கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார். பாப்பா பிறந்தபோது இரண்டு நாள் வலி. அந்த இரண்டு நாளும் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று நான் கேட்டதே இல்லை.

நான் விடவில்லை. "நீங்கதான் இவளைக் கெடுத்துட்டீங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் பாப்பாவைப் பார்த்தார். "சொல்லட்டுமா?" என்று கேட்டார். பாப்பா தலையாட்டினாள்.

"நான் படிக்கச் சொல்லல டீச்சர். வேண்டாம்னுதான் சொன்னேன். தன் காயத்தை ஆத்திக்கிறதுக்காக இந்தப் படிப்புக்கு வாரவங்க பாதியில நின்னுபோவாங்க. கொஞ்ச நாள் பொறுத்துப் போன்னேன். கேக்கல."

காயம். இத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல். அவர் போன பிறகும் அது கூடத்தில் கிடந்தது. யார் செய்த காயம்? எங்கே? என் வீட்டிலா?

பாப்பா கல்லூரிக்குப் போன சில மாதத்துக்குள் அவரைச் சபை அனுப்பிவிட்டது. கமிட்டியில் கேட்டார்களாம்: மாதம் எத்தனை பேர் வருகிறார்கள், யார் யார், என்ன பலன்? "வாராங்க, போறாங்க" என்றாராம். கமிட்டிக்காரர் ஒருவருடைய மகனின் குடும்ப விவகாரம் அப்போது ஊரில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த மருமகள் அவரிடம் போகிறாளா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கேள்வியே என்று எல்லோருக்கும் தெரியும். "அப்ப நீங்க என்ன வேலை செய்றீங்கன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டதற்கு, "தெரிஞ்சுக்க முடியாது ஐயா, அதுதான் வேலை" என்று சொன்னாராம். செயலாளரம்மாதான் இதை என்னிடம் சொன்னார். "ஒரே ஒரு வாட்டி வாயைத் தொறந்திருந்தா இன்னிக்கு இங்கயே இருந்திருக்கலாம் இல்லமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்று போனேன். அறையில் நாற்காலிகள் இல்லை. நின்றபடியே பேசினோம். மற்ற கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டு, நான் கேட்கப் பயந்திருந்த ஒன்றைக் கேட்டேன்.

"என்னாலயாக்கா?"

"அதை அவகிட்டயே கேளுங்க."

அதே குரல், அதே வேகம். அவர் முகத்தை எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன்! கண் இமை தாழ்ந்ததா? மூச்சு நின்றதா? ஒன்றும் இல்லை. என் மனம் நொறுங்குவதைத் தடுக்கவாவது "இல்ல டீச்சர்" என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார். எனக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டால், நாளைக்கு இன்னொரு தாய் கேட்கும்போது 'இல்லை' என்று சொல்லாமல் இருப்பதே 'ஆமாம்' ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும். இதை இப்போது என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. மன்னிக்க முடிகிறதா என்று கேட்டால் தெரியவில்லை.

பிறகு அவர் எண்ணுக்குப் போட்டால் கிடைப்பதில்லை. தென்காசிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார் என்கிறார்கள். தம்பி வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்கிறார்கள். பாப்பாவுக்குத் தெரிந்திருக்கும். கேட்டால் சொல்லமாட்டாள்.

போன மாதம் விடுமுறைக்கு வந்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. தட்டில் கோடு போடுவதில்லை. மருத்துவமனையில் பயிற்சிக்கு அனுப்புகிறார்களாம். ஞாயிறு மதியம், துவைத்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். அவள் வகுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். நோயாளிகளிடம் போவதற்கு முன் மாணவர்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் சொந்தக் கதையை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டுமாம். தன் கதையைச் சொல்லிப் பழகாதவர் அடுத்தவர் கதையைக் கேட்கக் கூடாதாம்.

"எல்லாரும் சொன்னீங்களா?"

"சொன்னோம்மா."

"நீயும்?"

"நானும்."

போர்வையின் இரண்டு முனை அவள் கையில், இரண்டு முனை என் கையில். எங்கிருந்தோ வந்த பிள்ளைகள், நான் முகம்கூடப் பார்க்காதவர்கள், எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

"எங்கிட்ட சொல்லேன்டி" என்றேன். குரல் கெஞ்சலாக வந்துவிட்டது.

அவள் போர்வையை விடவில்லை. என்னை நேராகப் பார்த்தாள். "சொல்றேன். ஆனா நீ அதுக்கப்புறம் அப்பாகிட்ட சொல்லக் கூடாது. வாலாஜாபாத் சித்திகிட்ட சொல்லக் கூடாது. சபையில எழுந்து நிக்கக் கூடாது. யாரையும் போய் என்ன ஏதுன்னு கேக்கக் கூடாது. தெரியாத மாதிரியே எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகணும், வரணும். உன்னால முடியுமாம்மா?"

முடியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் என்றாளே, யார் வீட்டுக் கல்யாணம்? அந்தக் கணமே மனம் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டது. தங்கையிடம் தினமும் அரை மணி நேரம் பேசாமல் எனக்குப் பொழுது போகாது. கணவர் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுவார். ஞாயிறன்று போதகர் ஜெபக் குறிப்பு கேட்கும்போது என் கால் தானாக எழும்.

"முடியாதுடி" என்றேன்.

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் நடந்து வந்து, போர்வையின் முனைகளை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள். "சரிமா" என்றாள். "முடியும்னு தோணுறப்ப கேளு."

அவள் போய் ஒரு மாதம் ஆகிறது. தினமும் பேசுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், அங்கே மழையா என்று கேட்கிறேன். அதை இன்னும் கேட்கவில்லை.